பெருவிரலில் கட்டிய கயிறு

ஒரே மாதத்தில் நாவல் எழுதிவிடலாம் என்று கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். தனியறை வேண்டுமாம், மேசை வேண்டுமாம். எழுதியதைத் திரும்பிப் படிக்கக் கூடாதாம். வாசித்ததும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கிளிநொச்சிக் குடியேற்றத்து மண்வீட்டில் கால் நீட்டிப் படுக்கவே இடமில்லை.

எனக்குக் கிடைத்தது வயற்காவல் பரண். நெல் பால் பிடித்ததும் கிளி கலைக்க என்னை வயலுக்கு அனுப்பினார்கள். வயலெங்கும் தகரப் பேணிகள் தொங்கின. அவற்றை ஆட்ட ஒரு நீளக் கயிறு. அதன் நுனியைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டேன். கால் கிளி கலைத்தது, கை கதை எழுதியது.

அறுவடை முடிந்ததும் எனக்குக் கலியாணம். மாப்பிள்ளை தர்மபுரத்தில் காணி கிடைத்த மாமா மகன். ஐயா வாக்குக் கொடுத்துவிட்டார். மாட்டை விற்கிறவன் மாட்டிடமா கேட்கிறான்? பரணிலிருந்து இறங்கினால் மாமியின் குசினி அடுப்புதான். அதற்குள் நாவலை முடித்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று வெறியாக இருந்தேன்.

முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றும் கழுத்தில் சிலுவை தொங்கும் வேதக்கார அக்கா ஒருவர் பரண் நிழலில் இளைப்பாறுவார். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். வீட்டை விட்டுப் போகத் துணியும் ஒரு பெண்ணின் கதை.

“வீட்டை விட்டு வெளிக்கிட்டவளோ, பிள்ளை?”

“இல்லை அக்கா, பெட்டி அடுக்கிறாள்.”

“போன முறையும் பெட்டிதானே அடுக்கினவள்! கெதியா வெளிக்கிடச் சொல்லு. முடிச்சுத் தா, நான் தபாற்கந்தோரில போட்டுவிடுறன்.”

எனக்கு இருந்த ஒரே ஊக்கம் அந்த அதட்டல்தான். கதை ஓடாதபோது எரிச்சலில் காலை உதறுவேன். பேணிகள் கிடுகிடுக்கும். “என்ர பிள்ளை காவல் காக்கிறதெண்டால் அப்பிடி!” என்று ஐயா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

கடைசியில் ஒருநாள் அவள் வெளிக்கிட்டாள். யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினாள். கை நிற்கவேயில்லை, காலை நான் மறந்தே போனேன்.

“என்னடி, செத்துப் போனியோ?”

ஐயாவின் குரல். நிமிர்ந்து பார்த்தால் வடக்கு மூலை முழுக்கக் கிளி. ஐயா ஒரு கதிரைப் பிடுங்கிப் பார்த்தார். அதில் மணியில்லாத சப்பிதான் மிச்சம்.

“இனி வைச்சிருந்தால் கிளிக்குத்தான். நாளைக்கே நெல்லை அருவி வெட்டுவம்.”

என் வாழ்நாளிலேயே நன்றாக எழுதிய பக்கங்கள் அவை. அவைதான் என் மிச்ச நாட்களைத் தின்றன. மறுநாள் வெட்டுக்காரருக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அக்கா குசினி வாசலுக்கு வந்தார்.

“வெளிக்கிட்டவளோ, பிள்ளை?”

“வெளிக்கிட்டிட்டாள் அக்கா. பஸ் இன்னும் ஆனையிறவு தாண்டேல்லை, உப்பளத்துக்குப் பக்கத்தில நிக்குது. இனி எழுத ஏலாது.”

அக்கா கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்தார். “அப்ப அதிலயே இருக்கட்டும், பிள்ளை. திருப்பிக் கூட்டிக்கொண்டு மட்டும் வந்திடாதை” என்றார்.

கலியாணத்தன்று அம்மியில் என் காலைத் தூக்கி வைத்து மெட்டி போடக் குனிந்தவர், பெருவிரலைச் சுற்றியிருந்த காய்ப்பைக் கண்டார்.

“இதென்ன?”

“கிளி கலைச்ச கயிறு.”

“இனி உமக்கு அந்த வேலை இல்லை” என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தாய்வீட்டைப் பிரியும் துயரம் என்று எல்லோரும் தேற்றினார்கள்.