கையுறைக்கு எவ்வளவு பெரிய வண்டி வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு பீரோவை மகள் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நாங்கள் இருப்பது மறைமலை நகரில். மகள் இருப்பது சிங்கப்பெருமாள் கோவிலில். வண்டிக்கு எங்கே போவது? சொந்தத்திலேயே ஒருவர் வண்டி வைத்திருக்கும்போது வெளியே தேடினால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

பாஸ்கருக்கு போன் போட்டோம். என் கணவரின் தங்கை கலாவின் வீட்டுக்காரர். வடக்குப்பட்டிலிருந்து காலையிலேயே பிக்கப் வண்டியோடு வந்து நின்றார். நல்ல நீளமான வண்டி. எங்கள் பீரோவைப் படுக்க வைத்த பிறகும், பின்னால் இன்னொரு குடும்பத்தின் சாமான்களை ஏற்றலாம் போலிருந்தது.

“வண்டி எப்படிப் போகுது பாஸ்கர்?”

“சூப்பரா போய்க்கினு கீதுக்கா. நிக்கவே நேரமில்ல.”

“கலாவைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?”

“அவளுக்கு ஷிப்ட்டுக்கா. ஞாயித்துக்கெழமையும் ஓ.டி. போட்டுட்டானுங்க.”

சொல்லிவிட்டுக் கயிறு கட்டுவதில் மும்முரமானார். கட்டிய முடிச்சையே அவிழ்த்து, மறுபடியும் கட்டினார்.

இந்த வண்டி யாருக்காக வாங்கப்பட்டது தெரியுமா? கலாவுக்காக.

கலா செய்துவந்த தொழிலைப் பற்றிச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். கையுறை துவைப்பது. ஆமாம்... பாக்டரியில் வேலை செய்கிறவர்கள் போட்டுக்கொள்கிற வெள்ளைக் காட்டன் கையுறைதான். ஒரு ஷிப்ட் முடிவதற்குள் எண்ணெயும் கரியுமாகக் கறுத்துவிடும். அதைத் தூக்கிப் போட்டால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. துவைத்து, காயவைத்து, கிழிந்ததைக் கழித்து, ஜோடி சேர்த்து, கட்டுக் கட்டித் தர ஆள் வேண்டும். வல்லம் வடகாலில் இருக்கிற சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கு அந்த ஆள் கலா.

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். பெரிய மெஷின். உதவிக்கு அதே தெருவைச் சேர்ந்த இரண்டு பெண்கள். மொட்டை மாடி முழுக்கக் கொடி கட்டி, ஆயிரக்கணக்கான கைகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “எல்லாம் உங்களுக்கு டாட்டா காட்டுது அண்ணி” என்றாள் கலா.

அவளுக்கு இருந்த ஒரே தலைவலி, லோடு ஆட்டோ. கூப்பிட்டால் வராது. வந்தால் காத்திருக்காது. மழை பெய்தால் போனையே எடுக்காது. அதனால் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்ஸ் வாங்கினாள். “என் கையுறைய நானே எடுத்துக்கினு வரணும், நானே கொண்டுபோய்க் குடுக்கணும். யார் கிட்டயும் கெஞ்சக் கூடாது” என்றாள்.

கலாவும் பாஸ்கரும் ஷோரூமுக்குப் போனார்கள். அங்கே நடந்ததை அன்று சாயங்காலமே போனில் எனக்குச் சொன்னாள் கலா.

முதலில் பார்த்தது சின்ன வண்டி. நம் ஊரில் குட்டியானை என்று சொல்வோமே, அந்த அளவு. கலா கொஞ்சம் குள்ளம். ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பானட் கிடையாது. கண்ணாடிக்குக் கீழேயே தரை தெரிந்தது. கிளட்ச்சை மிதித்துப் பார்த்தாள். ஹாரனை ஒருமுறை அடித்தும் பார்த்தாள்.

“இது போதும்ங்க. கையுறை இன்னா கனமா கனக்கப் போவுது? எடமடைக்கும், அவ்ளோதான். மேல தார்ப்பாய் போட்டுக் கட்டிக்கலாம்.”

சேல்ஸ்மேன் சிரித்துக்கொண்டே பாஸ்கரிடம் கேட்டான்: “சார், பிசினஸ் பெருசானா இன்னா பண்ணுவீங்க?”

கவனியுங்கள். பிசினஸ் கலாவுடையது. கேள்வி பாஸ்கருக்கு.

பாஸ்கரையும் குறை சொல்ல முடியாது. ஒரகடத்தில் பிறந்து வளர்ந்தவர் சின்னதாக யோசிப்பாரா? கண்ணெதிரே ஏரிக்கரை வயலெல்லாம் பாக்டரி ஆனதைப் பார்த்தவர். இங்கே எதுவும் வாங்கிய அளவிலேயே நின்றதில்லை. “ஒரு தடவதான் வாங்கப் போறோம் கலா. பெருசாவே வாங்கிடலாம். கையுறையும் போடலாம், வேற லோடும் அடிக்கலாம். உனக்குத்தானே சொல்றேன்!” என்றார். நிஜமாகவே அவளுக்காகத்தான் சொன்னார்.

கலா இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை சொல்லவில்லை.

பெரிய வண்டி வந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கலாவைத்தான் முதலில் ஓட்டச் சொன்னார் பாஸ்கர். மெயின் ரோட்டில் அழகாக ஓட்டினாள். பிரச்சினை தெருவில் வந்தது.

அவர்கள் தெருவுக்குள் திரும்பும் இடத்தில் ஒரு கரண்ட் கம்பம். எதிரே பக்கத்து வீட்டு மதில். லோடு ஆட்டோ அதற்கு நடுவில் வளைந்து போய்விடும். இந்த வண்டியில் பானட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே கலாவுக்குத் தெரியவில்லை. பின்னால் எடுத்தாள், முன்னால் எடுத்தாள்... சர்ரென்று ஒரு சத்தம். மதில் பெயர்ந்தது. புது வண்டியின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கோடு. மதிலுக்குச் சொந்தக்காரர் தெருவே கூடும்படி கத்தினார்.

பாஸ்கர் ஓடி வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

“வுடு கலா. நீ இன்னாத்துக்குக் கஷ்டப்படணும்? நான் ஓட்டிக்கறேன். வண்டிய ரோட்டாண்டயே நிறுத்திக்கலாம்.”

சாவி கை மாறியது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது கலாவிடம் திரும்பி வரவேயில்லை.

பெரிய வண்டிக்கு ஒரு குணம் உண்டு. பாதி காலியாக ஓடினால் வைத்திருப்பவர் மனசு கேட்காது. கையுறை மூட்டைகள் வண்டியில் பாதியைக்கூட அடைக்கவில்லை. பாஸ்கர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வார்ப்படச் சாமான்கள் ஏற்றும் லோடு பிடித்தார். முதலில் கையுறைக்கு நடுவில் லோடு. பிறகு லோடுக்கு நடுவில் கையுறை.

கலா மூட்டைகளை மொபெட்டில் வைத்துத் தெருமுனை வரை கொண்டுபோய், வண்டிக்காகக் காத்திருப்பாள். கெஞ்சக் கூடாது என்று லைசென்ஸ் வாங்கியவள், சொந்த வண்டியைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை. வல்லம் வடகாலில் ஒரு பிரஸ் ஷாப். தகடு வெட்டி அழுத்துகிற இடம். முதல் ஷிப்ட்டுக்குக் கையுறை போய்ச் சேர வேண்டும். மூட்டை ரெடி. பாஸ்கர் விடியற்காலையிலேயே ஒரு லோடோடு போனவர், கம்பெனி கேட்டுக்கு வெளியே வரிசையில் மாட்டிக்கொண்டார். முன்னால் லாரி, பின்னால் லாரி.

“தோ வந்துடறேன் கலா... இன்னும் ரெண்டு வண்டிதான் கீது.”

லோடு ஆட்டோக்காரர்களுக்கு போன் போட்டாள். சொந்த வண்டி வாங்கியவளுக்கு யார் வருவார்கள்? கடைசியில் ஒரு மூட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டு அவளே கிளம்பினாள்.

கேட்டில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். குரலை உயர்த்தவில்லை.

“லைன நிறுத்த முடியாதும்மா. கழிச்சுப் போட்ட பழசையே மாட்டிக்கினு ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு பொண்ணுக்குக் கை அறுத்துக்கிச்சு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருக்கோம்.”

கலா நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண். உள்ளங்கையின் குறுக்கே தையல். கலாவை யாரென்று அவளுக்குத் தெரியாது. கையுறை துவைக்கிறவள் என்று சொன்னதும், “நீங்க என்னக்கா பண்ணுவீங்க? நான்தான் பாக்காமப் பிடிச்சிட்டேன்” என்றாளாம்.

திட்டியிருந்தால் ஒருவேளை கலா தாங்கியிருப்பாள்.

மறுநாள் கம்பெனி கம்பெனியாகப் போய், வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த சூப்பர்வைசர்கூட, “ஒரு நாள் லேட்டானதுக்காம்மா?” என்று கேட்டாராம். கலா கேட்கவில்லை. மெஷின் விலைபோனது. உதவிக்கு வந்த இரண்டு பெண்களும் ஒரு ஹாஸ்டல் சமையலறைக்கு வேலைக்குப் போனார்கள். கலா ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலையில் சேர்ந்தாள்.

வண்டி? அது நன்றாக ஓடுகிறது. அதுதான் இந்தக் கதையில் என்னை உறுத்துவது. நஷ்டம் வந்திருந்தால் விற்றுவிட்டு, சின்னது வாங்கியிருப்பார்கள். நன்றாக ஓடுகிற வண்டியை யார் விற்பார்கள்? இன்று அந்த வீட்டில் உலை கொதிப்பது அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை பீரோவை இறக்கிவிட்டு வந்து, டீ குடிக்கும்போது பாஸ்கர் தானாகவே பேசினார்.

“சின்ன வண்டி வேற ஒண்ணு எடுத்துத் தரேன், திரும்ப ஆரம்பின்னு சொல்லிப் பாத்துட்டேன்க்கா. வேணான்றா. கோவமா இருந்தாகூடப் பரவால்ல, சண்ட போட்டு சமாதானம் ஆயிடலாம். சிரிச்சுக்கினே வேணான்றா. நான் இன்னா பண்றது?”

டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இரண்டு நாள் கழித்துக் கலாவோடு பேசினேன்.

“அவர் மேல ஒண்ணுமில்ல அண்ணி. நல்ல மனுஷன். எனக்குப் பெருசா செய்யணும்னுதான் நெனச்சாரு.” பிறகு அவளே சொன்னாள்: “எனக்குப் பெருசு வேணாம் அண்ணி. எனக்கு அளவா இருந்தாப் போதும்.”

அளவாக... எவ்வளவு சாதாரண வார்த்தை! செருப்பு வாங்கும்போதுகூடக் காலை நுழைத்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

உங்களில் யாராவது வண்டி வாங்கும் யோசனையில் இருக்கலாம். என்ன சுமை என்று பாருங்கள். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், ஓட்டப்போகிறவர் யார் என்று பார்த்து, அவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேட்பதோடு நிறுத்தாதீர்கள்... அவர் சொல்வதை வாங்குங்கள்!