அலையில் எடுத்த விழிப்புணர்வு விளம்பரம்

"குழந்தைகளை அலையருகே விடாதீர்கள்" என்று ஒரு விளம்பரப்படம். அதில் நடிக்க, மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஜெனியைக் கேட்டார்கள். நல்ல காரியமாயிற்றே என்று நானே பொழியூர்க் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். அங்கே அவளைத் தண்ணீரில் இறங்கி நிற்கச் சொன்னார்கள்.

"சாரே, இது இழுக்குற கடலாக்கும்" என்றேன்.

"ஒரே ஷாட்தான் சேச்சி, பயப்படண்டா" என்றார் மலையாளி இயக்குநர்.

அடுத்த அலையே அவளை உருட்டி இழுத்தது. நான் பாய்ந்து சட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன். பிள்ளை உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டு அழுகிறாள், அந்த ஆளோ, "சேச்சி ஃபிரேமுக்குள்ள வந்துட்டீங்க. இன்னொரு தடவைகூடி எடுக்கலாமா?" என்கிறார்!

"உமக்க பிள்ளைய எறக்கி எடும்!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் விழிப்புணர்வு என்று யார் வந்தாலும், பிள்ளையை எங்கே நிறுத்துவார்கள் என்று நானே போய்ப் பார்த்த பிறகுதான் சம்மதிக்கிறேன்.

— ஜெனியின் அம்மா, காரோடு