என் தங்கை புரட்டிப் பார்த்த எல்லைக்கல்

என் தங்கை அம்சவல்லி வென்றெடுத்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஆசிரியர் பயிற்சி முடித்த முதல் பெண் அவள். எந்த வகுப்பில் எங்களைக் கடைசியில் தனியாக உட்கார வைத்தார்களோ, அதே வகுப்பில் ஆசிரியராக நாற்காலியில் உட்கார்ந்தாள். கல்லே இல்லாத ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லைப் பற்றிப் பாடம் நடத்தினாள். கல்யாணம் என்கிற மிராசுதாரை எதிர்த்து நின்று எங்கள் தெருவின் பின்வரிசைக் குடிசைகளைக் காப்பாற்றினாள். இவற்றில் ஒன்றைக்கூட யாரும் அவளுக்கு மனமுவந்து கொடுக்கவில்லை.

நான் அவளுக்கு மூத்தவன், கோவிந்தராசு. படிப்பு ஐந்தாவது வரைதான். நீடாமங்கலத்தில் ரயில்வே கேங்கில் தண்டவாளம் பராமரிக்கும் வேலை. இந்தச் சம்பவத்தை ஊரில் ஆளுக்கொரு விதமாகத் திரித்துப் பேசுகிறார்கள். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

குடவாசலுக்குக் கிழக்கே எங்கள் ஊர். எங்கு தோண்டினாலும் வண்டல்தான். மண்வெட்டி கல்லில் பட்டு ஓசை எழுப்பி நான் கேட்டதில்லை. பாடப்புத்தகத்தில் மட்டும் மலையும் பாறையும் படமாக இருக்கும். படத்தைக் காட்டிப் படித்துவிட்டுப் போவது என் தங்கைக்குப் பிடிக்கவில்லை. குடமுருட்டி மணலைக் கொட்டாங்கச்சியில் அள்ளி, பிள்ளைகளை விட்டே அலசச் சொன்னாள். அடியில் மினுமினுத்த காக்காப்பொன்னை அவர்கள் விரல் நுனியில் ஒட்டி எடுத்தார்கள். பழைய ரேடியோவின் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். மணலிலிருந்து கறுப்புப் பொடி தாவி ஒட்டியது. சுண்ணாம்புக்கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைப்பதைப் பார்த்தார்கள். எங்கள் கேங் மேஸ்திரியிடம் கேட்டு நான் கொஞ்சம் ஜல்லி கொண்டுவந்து கொடுத்தேன். வல்லத்துப் பக்கம் போனபோது செம்பராங்கல்லும் எடுத்து வந்தேன். எந்தக் கல்லானாலும் ஆணியால் கீறிப் பார்க்க வேண்டும், எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்க்க வேண்டும். அவள் வகுப்பில் அதுதான் சட்டம்.

தலைமையாசிரியர் ராமசுப்பிரமணியனுக்கு இது ஆகவே இல்லை. பிள்ளைகள் காதில் விழும்படியே சொன்னார்.

"மண்ணு அள்ளுறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கும்மா? உங்க ஆளுங்களுக்குத்தான் வயல் இருக்கே."

"வயல் உங்க ஆளுங்களோடதுங்க சார். எங்களுக்கு அள்ளுற வேலை மட்டும்தான்" என்றாள் அவள். அன்றிலிருந்து அவர் அவளிடம் நேராகப் பேசியதில்லை; எதையும் பியூன் மூலமாகத்தான் சொல்லி அனுப்புவார்.

1974 மாசி. சம்பா அறுப்பு முடிந்து வயல் வெடித்துக் கிடந்தது. மிராசுதாரின் தென்னந்தோப்பை ஒட்டிய புறம்போக்கில் எங்கள் தெரு இருந்தது. அந்த இடத்தை அளந்து மனைப்பட்டா கொடுக்கப்போவதாகத் தாலுகா ஆபீசில் பேச்சு. கட்சிக்காரர்கள் கறுப்பு சிவப்புக் கொடி கட்டி, "உங்களுக்குப் பட்டா வாங்கிக் கொடுக்கறது நாங்கதான்" என்றார்கள். செங்கொடிக்காரர்கள், "போராடினது நாங்க" என்றார்கள். பின்வரிசைக் குடிசைகள் தோப்பின் எல்லைக்குள் வருவதாக மிராசுதாரின் காரியஸ்தர் இளையபெருமாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். பின்வரிசையில் எங்கள் அம்மாவின் குடிசையும் உண்டு.

அந்த வாரத்தில்தான் என் தங்கை பிள்ளைகளிடம், "நாளைக்கு ஆளுக்கொரு கல் கொண்டு வரணும். ஒருத்தர் கொண்டு வந்ததை இன்னொருத்தர் கொண்டு வரக்கூடாது" என்றாள். மலைநாட்டில் இதைச் சொல்லலாம். எங்கள் ஊரில் சொல்லியிருக்கக் கூடாது. சாணைக்கல்லும் உடைந்த எடைக்கல்லும் முதலில் வந்த பிள்ளைகளோடு தீர்ந்துபோயின. எங்கள் தெருக் கண்ணாத்தாளுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் எதுவும் மிஞ்சவில்லை. தோப்போரத்தில் ஒரு கல் ஆடிக்கொண்டு நின்றது. அசைத்துப் பிடுங்கி, பனைமட்டையில் ஏற்றி, வெற்றி ஊர்வலம் போல இழுத்து வந்துவிட்டார்கள்.

அதன் தலையில் அம்புக்குறி வெட்டியிருந்ததைப் பார்த்ததும் என் தங்கைக்குத் தெரிந்துவிட்டது. அது எல்லைக்கல்.

"அய்யோ, இதை ஏண்டி எடுத்தீங்க? உடனே கொண்டுபோய் அங்கேயே வைக்கணும்."

அதற்குள் பிள்ளைகள் வகுப்புச் சட்டப்படி அதைப் புரட்டிவிட்டார்கள். கண்ணாத்தாள் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துக் கத்தினாள்.

"டீச்சர்! இது அம்மி டீச்சர்! எங்க வீட்டு அம்மி மாதிரியே கொத்தியிருக்கு!"

உண்மைதான். உடைந்த அம்மியில் பாதி. மண்ணுக்கு மேலே தெரியும் பகுதியை மட்டும் செதுக்கிச் சமமாக்கி அம்புக்குறி வெட்டியிருந்தார்கள். மண்ணுக்குள் புதைந்த பகுதியில் உளி கொத்திய புள்ளிகளும் குழவி தேய்த்த வழவழப்பும் அப்படியே இருந்தன. போலி எல்லைக்கல் செய்ய வெளியூர் போனால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று மிராசுதார் பண்ணை அடுப்படியிலேயே வேலையை முடித்திருக்கிறார்கள். புதைத்த பாதியை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு.

மதியத்துக்குள் மிராசுதாரும் காரியஸ்தரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். தலைமையாசிரியர் தன் நாற்காலியை மிராசுதாருக்குப் போட்டுவிட்டு நின்றார்.

"சர்க்கார் கல்லைப் பிடுங்கினா ஜெயில், தெரியுமோல்லியோ?" என்றார் மிராசுதார். "உன் குடிசைக்காகக் குழந்தைகளை ஏவிவிட்டிருக்கே."

"நான் ஏவலைங்க. எடுத்தது தப்பு. அதை ஒத்துக்குறேன்."

"ஒத்துண்டா சரி. எழுதியே கொண்டு வந்திருக்கோம்."

காரியஸ்தர் காகிதத்தை நீட்டினார். கூடவே மை டப்பாவையும் திறந்து வைத்தார். "கையெழுத்துப் போடு. இல்லாட்டி உங்கப்பன் வழக்கமா வைக்கிற மாதிரி கட்டைவிரலை அழுத்து. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் முழுக்கப் படித்தாள். கல்லை எடுக்கச் சொன்னதற்கு மன்னிப்பு. கல் அதன் சரியான இடத்தில் இருந்தது என்பதற்கு ஒப்புதல். போட்டால் வேலை தங்கும், பின்வரிசை போய்விடும். போடாவிட்டால் வேலையும் போகும், வழக்கும் வரும்.

"மன்னிப்பை மட்டும் தனியா எழுதித் தாங்க, போடுறேன். கல் சரியான இடத்துல இருந்துச்சுங்கறதுல போட மாட்டேன்."

"உனக்கென்ன தெரியும் எது சரியான இடம்னு?"

"இடம் தெரியாதுங்க. கல்லு தெரியும். இது அம்மி."

மிராசுதார் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. கல்லைத் தூக்கிவரச் சொன்னார். அவள் வகுப்புக் கதவைச் சாத்தி, கதவின் முன்னால் நின்றுகொண்டாள். உள்ளே பிள்ளைகள் கல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்தால் எந்தக் கொடி முதலில் வந்து நிற்குமோ என்று காரியஸ்தர் தயங்கினார். அதனால் அன்று தப்பினாள்.

மறுநாளே எங்கள் தெருப் பெண்களுக்குப் பண்ணையில் உளுந்து பிடுங்கும் வேலை இல்லை என்றார்கள். முன்வரிசைக்காரர்கள் எங்கள் அம்மா வாசலில் வந்து சத்தம் போட்டார்கள்.

"உன் மவ கல்லு பொறுக்குனதுக்கு எங்க அடுப்பு அணையணுமா? ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைச்சா என்ன?"

அவர்கள் குடிசை காரியஸ்தர் சொன்ன எல்லைக்கு வெளியே இருந்தது, அந்தத் தைரியம். அம்மாவும் அழுதுகொண்டே அதையே சொன்னாள். என் தங்கை காலையில் குளித்து, தலை சீவி, எல்லோருடைய முறைப்புக்கும் நடுவே பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

மிராசுதார் கொடுத்த புகாரின் பேரிலேயே தாசில்தார் சர்வேயரை அனுப்பினார். பெயர் அப்துல் மஜீது. சிரிக்காத மனிதர். கல்லை வெளியே கொண்டுவரச் சொல்லி, குனிந்து புரட்டிப் பார்த்தார்.

"எங்க டிபார்ட்மெண்டுல இன்னும் சட்னி அரைக்க ஆரம்பிக்கலைங்க ஐயா" என்றார் மிராசுதாரிடம்.

கூட்டத்தில் யாரோ சிரித்ததற்குக் காரியஸ்தர் செருப்பைக் கழற்றினார். சர்வேயர் அதைக் கண்டுகொள்ளாமல், மற்ற எல்லைக்கற்களிலிருந்து சங்கிலி பிடித்து அளந்துகொண்டே போனார். அளவு தோப்புக்குள் நுழைந்து, பண்ணையின் வைக்கோல் போருக்குக் கீழே போய் நின்றது. போரை விலக்கித் தோண்டினார்கள். அசல் கல் அங்கே நின்ற இடத்திலேயே புதைந்திருந்தது.

"எவனோ வேலைக்காரப் பய பண்ணின காரியம்" என்றார் மிராசுதார். அவ்வளவுதான். யாரும் அவரிடம் மன்னிப்புக் காகிதம் நீட்டவில்லை. கைதும் இல்லை. எங்களைப் பார்த்து, "பட்டா வாங்கிண்டு என் வரப்புல எப்படி நடக்கறேள்னு பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி இரண்டு போகத்துக்கு வரப்பை மறித்தார். பின்வரிசைக்குப் பட்டா வந்தது. என் தங்கைக்கு, அனுமதியில்லாமல் பிள்ளைகளைக் கல் சுமக்க வைத்தாள் என்று தலைமையாசிரியர் எழுதியதன் பேரில், பேராவூரணிப் பக்கம் மாற்றல் வந்தது. சண்டைக்கு வந்த முன்வரிசையில் ஒருவர்கூடப் பஸ் ஏற்றிவிட வரவில்லை. தகரப் பெட்டியில் அவளுடைய கற்கள்தான் புடவைகளைவிட அதிகம் இருந்தன. அங்கேயும் போய்ப் பிள்ளைகளைக் கல்லைப் புரட்டிப் பார்க்க வைத்தாள்.

ஒன்று மட்டும் பாக்கி. அளந்த அன்று சர்வேயர் சாட்சிகளை வைத்து மகசர் எழுதினார். எங்கள் தெருக்காரர்கள் வரிசையாகக் கட்டைவிரல் வைத்தார்கள். பழக்கதோஷத்தில் அவர் மை டப்பாவை என் தங்கையிடமும் நகர்த்தினார். அவள் அதை மூடிவிட்டுப் பேனாவை எடுத்தாள். இதே அசைவை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறந்து, எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இலவசத் துணி கொடுத்த நாள். கொடுக்க வந்த குமாஸ்தா, எழுதத் தெரியுமா என்று கேட்காமலே ஒன்பது வயது அம்சவல்லியின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்திவிட்டார். அவள் கையை உதறி, பாவாடையில் மையைத் துடைத்துவிட்டு, அவர் காதிலிருந்த பேனாவையே பிடுங்கிக்கொண்டாள். "திமிரப் பாரு" என்று அவர் தலையில் குட்டினார். குட்டு விழ விழ எழுதி முடித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 1958ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் தேதி, திங்கட்கிழமை.