ஆடுற அடுப்புக்கு நாலு சிரட்டை

கரி போட்டுக் கோழி சுடுற எங்கட பார்பிகியூ அடுப்பின்ட ஆட்டத்த இண்டைக்கு எப்பிடியும் நிப்பாட்டுறது எண்டுதான் எழும்பினன்.

பின்னேரம் தங்கச்சி குடும்பம் வருது. கோழி மசாலாவில ஊறுது.

என்ட மனுசன் சொன்னார், "பழைய இரும்புக்குப் போடு புள்ள."

போடல்ல. காத்தான்குடிக்குப் போய் நட்டும் வாசரும் கேட்டன். கடைக்கார நானா, "வீட்டுக்காரர் வரல்லையா?" எண்டார்.

"ஸ்பேனர் புடிக்கிறது நான்தான் நானா."

விறாந்தையில வெச்சு நாலு காலையும் இறுக்கினன். அசையாம நிண்டிச்சு. முற்றத்துக்குத் தூக்கினன், திரும்பவும் ஆட்டம்!

அப்பதான் விளங்கிச்சு. பிழை காலில இல்ல. ஆரையம்பதியில எங்கட முற்றம் முழுக்கக் கடல்மண். மெல்லிய கம்பிக்கால் உள்ள இறங்குது.

நாலு தேங்காய் உடைச்சுத் துருவினன். கண் உள்ள பாதிச் சிரட்டைகள மண்ணில கவுத்து, கால் இறுகி நிக்கிற அளவுக்கு மட்டும் கண்ணத் துளைச்சு, ஒவ்வொண்டிலயும் ஒரு கால இறக்கினன். இப்ப தள்ளினாலும் அசையுதில்ல.

இவர் பக்கத்தில பிளாஸ்டிக் கதிரையப் போட்டுக் கோழிக்குக் காவல் இருக்கார். கதிரையின்ட பின்கால் மெல்ல மெல்ல மண்ணுக்குள்ள போகுது.

கண் இல்லாத பாதி நாலு மிச்சம் கிடக்கு. கதிரைக்குக் குடுக்கட்டா, இல்ல இன்னும் கொஞ்சம் இறங்கட்டுமா?