வெறுவயிற்றில் காத்திருந்தவள்

எண்பதுகளின் தொடக்கத்தில் உருத்திரபுரத்தில் வயல் செய்துகொண்டிருந்தேன். மூன்று ஆலைகளில் விலை கேட்காமல் ஒரு மூட்டை நெல்லும் விற்க மாட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

என் மனைவிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறதா என்று பார்க்க, வெறுவயிற்றில் இரத்தம் சோதிக்கச் சொன்னார் டாக்டர். காலைத் தேத்தண்ணீரும் குடிக்காமல் என்னோடு வவுனியாவுக்கு பஸ் ஏறினாள். முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் சொன்ன விலை எனக்கு அநியாயமாகப் பட்டது. அவளை பஸ் நிலைய வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, மற்ற இடங்களில் விசாரிக்கப் போனேன். இரண்டாவது இடத்தில் கொஞ்சம் குறைவு. மூன்றாவதையும் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டுத் திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

வாங்கைச் சுற்றிக் கூட்டம். கச்சான் கடலை விற்கும் மலையகப் பெண் ஒருத்தி என் மனைவியின் தலையை மடியில் தாங்கி, சீனி போட்ட தேத்தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீ? சோதனை பழுதாப் போச்சு!" என்று கத்தினேன்.

"மயங்கி விழுந்துட்டாங்க ஐயா. சோதனைய நாளைக்கும் எடுக்கலாமுங்க," என்றாள், குரலை உயர்த்தாமல்.

நான் அத்தோடும் விடவில்லை. மனைவியிடம் குனிந்து, "எவ்வளவு குடிச்சனீர்?" என்றேன். ஒரு மிடறுதான் என்றால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோப்பையைக் கையில் வாங்கி, மிச்சம் முழுவதையும் குடித்து முடித்தாள்.

மறுநாள் முதல் இடத்திலேயே, சொன்ன விலைக்கே, இரத்தம் கொடுத்தோம். அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று வந்தது.

இன்றைக்கும் அவள் தேத்தண்ணீர் குடிக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.