முகூர்த்த நாளில் ஒரு மென்பொருள் வெளியீடு

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு எதை எழுதுவது, எப்போது வெளியிடுவது என்று சொல்லிக்கொடுப்பது என் தொழில்; நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களிடம், குதிக்கும் முன் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கச் சொல்கிற வேலை. இதே பிழைப்பில் அல்லல்படும் அன்பர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். மற்றவர்கள் என் மாமனாரைப் போல, "இதுக்குக்கூடவா ஆள் வெச்சு சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டுவிட்டுப் படிக்கலாம்.

எனக்கு வீடு விழுப்புரத்தில். சென்னைக் கம்பெனி ஒன்று திண்டிவனத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், சின்னக் கிளை ஒன்றைத் திறந்து என்னைப் பயிற்சிக்குக் கூப்பிட்டது. முதலாளி கஜேந்திரனுக்குச் சொந்த ஊர் ஒலக்கூர்ப் பக்கம். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை தர வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் ஆசைக்கும் கெடு வைக்கிற மனிதர். கல்யாணங்களுக்குப் பாத்திரம், சேர், சாமியானா வாடகைக்கு விடும் கடைகளுக்கு ஒரு செயலி செய்ய வேண்டும். கடைக்காரர்கள் அதை உபயோகிக்கவும் வேண்டும். நடந்தால் கிளை இருக்கும். நடக்காவிட்டால் குழு மொத்தமும் சென்னைக்கு. குழுத் தலைவி சகாயமேரியின் கணவர் திண்டிவனம் – மரக்காணம் தடத்தில் பஸ் ஓட்டுகிறார். முதல் நாள், இந்தப் பயிற்சியில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். சகாயமேரி சொன்னார்: "இந்த ஆபீஸ் இங்கியே இருக்கணும் சார். நான் மெட்ராஸ் போய்ட்டா, எங்க வூட்டுக்காரரை டிக்கெட் எடுத்துதான் பாக்கணும்."

வேண்டாம் என்று சொல்லாதவர்

செய்வதற்கு முன் பயனரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் சாத்திரத்தின் முதல் விதி. விழுப்புரத்தில் தணிகாசலம் என்பவரின் வாடகைக் கடைக்குக் குழுவை அழைத்துப் போனேன். சித்திரை வெயில். அவர் எல்லோருக்கும் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்து, சாமியானா மூட்டைகள் மேல் உட்கார வைத்தார். சகாயமேரி ஒவ்வொன்றாகக் கேட்டார். பாத்திரங்களின் படம் போட்டால் நன்றாயிருக்குமா? நல்லாருக்குங்க. மணமக்களுக்கு வாழ்த்துச் செய்தி தானாகப் போனால்? ரொம்ப நல்லாருக்குங்க. சேருக்கு உறை எந்த நிறத்தில் என்று போனிலேயே மாற்றிப் பார்க்க வசதி? அதுவும் நல்லாருந்தது. குழு பூரித்துப் போய் பஸ் ஏறியது.

எனக்கு உறுத்தியது. ஒருவர் எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் அது பதில் அல்ல, விருந்தோம்பல். மறுநாள் தனியாகப் போய், "அண்ணே, மெய்யாலுமே இதெல்லாம் வேணுமா?" என்றேன். தணிகாசலம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சார் நீங்க, அந்த வெயில்ல ஒரு பொண்ணு பஸ் புடிச்சி வந்துகிது, அதுங்கிட்ட போய் வேணாம்னு சொல்லுவாங்களா?"

மல்லாட்டை ஓட்டு

நான் கேட்டுவந்ததைச் சொன்ன பிறகும், எல்லா வசதியும் வேண்டும் என்று குழு அடம்பிடித்தது. எதை முதலில் செய்வது என்று ஓட்டுப் போடச் சொன்னேன். இதற்கென்று சின்ன வட்ட ஒட்டுத்தாள்கள் உண்டு; சொல்லியனுப்பியவை வந்து சேரவில்லை. கீழே வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு பை வாங்கி, ஆளுக்கு ஒரு பிடி கொடுத்து, மேசையில் பரப்பிய அட்டைகளில் எது முக்கியமோ அதன் மேல் வைக்கச் சொன்னேன். வேர்க்கடலையை வாக்குச்சீட்டாக்கிய பெருமை எனக்கே உரியது என்று நினைத்துக்கொண்டு, கைகழுவப் போனேன்.

திரும்பி வந்தால், வாழ்த்துச் செய்தி, சேர் உறை இரண்டு அட்டைகளிலும் வெறும் தோல். இரண்டுமே ஏழுமலையின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. ஏழுமலை அந்தக் குழுவில் பிழை கண்டுபிடிப்பவர். தீர்ப்பைத் தீர்ப்பாகவே ஏற்று, இரண்டையும் நீக்கினோம். இன்றுவரை அவற்றை யாரும் தேடவில்லை. ஏழுமலையிடம் விளக்கம் கேட்டேன். "ஓட்டு சூடா இருந்துச்சு சார்" என்றார்.

நல்ல நேரம்

வெளியீட்டு நாளைக் கஜேந்திரன் தாமே குறித்தார். வைகாசியில் ஒரு வளர்பிறை முகூர்த்தம், வெள்ளிக்கிழமை, காலையில் நல்ல நேரம். காலண்டரில் அதைவிடச் சுத்தமான நாள் கிடையாது. முகூர்த்தம் என்ற சொல்லுக்குச் சிறிது நேரம் என்றுதான் பொருள், நாள் முழுவதும் அல்ல என்று நான் ஒரு சிற்றுரை ஆற்றினேன். கவனித்திருக்க வேண்டியதைக் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் நல்ல நாள் என்றால் அன்றைக்கு ஊரெல்லாம் கல்யாணம்; ஊரெல்லாம் கல்யாணம் என்றால் எங்கள் பயனர் ஒருவர்கூடக் கடையில் இருக்க மாட்டார்.

தேங்காய் உடைத்தோம். செயலி வெளியானது. மதியம் வரை ஒரு கடையும் அதைத் திறக்கவில்லை. சென்னையிலிருந்து கஜேந்திரன் போன் செய்துகொண்டே இருந்தார். சகாயமேரி திரையைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் தணிகாசலத்தைக் கூப்பிட்டேன். பின்னால் நாயனச் சத்தம். "சார், சேர் பத்தலன்னு பொண்ணு வூட்டுக்காரன் என் சட்டையைப் புடிச்சிகினு நிக்கிறான். கடை கடையா போன் போட்டுக்கினு கீறேன். நீங்க வேற பேஜாரு பண்ணாதீங்க, வைங்க போனை."

ஆடிப் புதன்

கஜேந்திரன் இன்னொரு வாய்ப்புத் தந்தார்: ஆவணி முதல் முகூர்த்தம். அதுவும் தவறினால் மாடியைக் காலி செய்துவிடலாம் என்றும் சொன்னார். அதாவது, அதே பள்ளத்தில் மறுபடியும் விழ நாள் குறித்துக் கொடுத்தார். சகாயமேரி அழவில்லை, பஸ் ஏறி ஆடி மாதத்தில் தணிகாசலத்தின் கடைக்குப் போனார். நானும் போனேன். ஆடியில் கல்யாணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுகிற இடங்களுக்குப் பந்தலும் மைக்செட்டும் போகும். செவ்வாய், வெள்ளியில் கோயில் வேலை. புதன்கிழமை மனிதர் அண்டாக்களுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருந்தார். இந்த முறை சகாயமேரி எது வேண்டும் என்று கேட்கவில்லை. "அன்னிக்குச் சேர் பத்தலன்னீங்களே அண்ணே, அப்பறம் எப்டி சமாளிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். அருவி மாதிரி கொட்டியது. ஒரு கடையில் சேர் குறைந்தால் அடுத்த கடையில் வாங்குவார்கள். அவருக்கு அண்டா குறைந்தால் இவர் அனுப்புவார். சாதாரண நாளில் முறைத்துக்கொள்கிற கடைகள் எல்லாம் முகூர்த்த நாளில் ஒரே கடை. யாரிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் படாத பாடு. எங்கள் செயலியில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை.

அதைச் சேர்த்து, புதன்கிழமைகளில் கடை கடையாகப் போய்ப் பழக்கிவிட்டால், ஆவணியில் தானாகவே உபயோகிப்பார்கள். ஆனால் கஜேந்திரன் ஆடியில் செருப்புக்கூட வாங்க மாட்டார். நான் போனில் தட்சிணாயனத்தில் தொடங்கி வாதாடினேன். நான் மூச்சு விட்ட இடைவெளியில் சகாயமேரி போனை வாங்கி, "சார், ரிலீஸ் ஆவணிலதான். தேர் ஓட்டறதுக்கு முன்னாடி வெள்ளோட்டம் வுடுவாங்க இல்ல, அந்த மாதிரி ஆடில சும்மா ஓட்டிப் பாத்துக்கறோம்" என்றார். வெள்ளோட்டத்துக்கும் நாள் பார்ப்பதுண்டு என்பது எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல் முறையாகத் தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தேன். கஜேந்திரன் ஒப்புக்கொண்டார். போனை வைத்துவிட்டுச் சகாயமேரி என்னிடம் சொன்னார்: "எனக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான் சார். அவருக்குத்தான் ஒரு வார்த்தை தேவைப்பட்டுது."

பொத்தான்

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று கஜேந்திரன் பட்டு வேட்டியில் வந்தார். அவர் அமுக்குவதற்கென்று திரையில் ஒரு பெரிய பச்சைப் பொத்தான் செய்து வைத்திருந்தார்கள். அமுக்கினால் அது சிவப்பாகும். அதைத் தவிர எதுவும் செய்யாது, ஏனென்றால் செய்ய வேண்டியதெல்லாம் ஆடியிலேயே முடிந்திருந்தது. பக்கத்துத் திரையில், எந்தக் கடை செயலிக்குள்ளே வந்திருக்கிறது என்று காட்டும் பலகை. பூசை முடிந்து நல்ல நேரம் பிறந்தது. சகாயமேரி கற்பூரத் தட்டை ஏந்தியபடி பலகைப் பக்கம் திரும்பி நின்றார். வெள்ளோட்டத்தில் பழகினவர்கள் நிஜத் தேரில் கை வைப்பார்களா என்பது எனக்கும் தெரியாது.

கஜேந்திரன் பொத்தானை அமுக்கினார். ஊர் ஊராகக் கல்யாண மண்டபங்களில் காலைப் பந்தி தொடங்குகிற நேரம். சேர் பற்றாத நேரம். ஒலக்கூர் வந்தது. அனந்தபுரம் வந்தது. செஞ்சியும் விழுப்புரமும் சேர்ந்து வந்தன. பலகை நிறைந்துகொண்டே போனது. தணிகாசலத்தின் மிச்ச அண்டாக்களை அனந்தபுரத்துக்காரர் கேட்டு வாங்குவதை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம். சகாயமேரி தட்டை மேசையில் வைத்துவிட்டு, போனில் பஸ் சத்தத்துக்கு நடுவே யாரிடமோ, "மெட்ராஸ் இல்லீங்க" என்று மட்டும் சொன்னார். கஜேந்திரன் என் தோளில் கை போட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "பாத்தீங்களா சார், நாள் பாத்து செஞ்சா இதான். பட்டனை அமுக்கின உடனே அத்தினி கடையும் உள்ள வந்துட்டான். இந்த எடமும் ராசியாத்தான் கீது, ஆபீஸ் இங்கியே இருக்கட்டும்."

ஆக, பயனருக்கு என்ன தேவை என்று கண்டறிவது பாதிப் பயிற்சி. கண்டறிந்ததை முதலாளியிடம் எந்த மாதத்தில், எந்தப் பெயரில் சொல்லலாம் என்று தெரிந்துகொள்வது மீதிப் பாதி என்பதை, மாணவர்களிடமிருந்து கற்றுக்கொண்டு, இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்து வருகிறேன்.