மறுபடி சொல்லு

ஓட்டலின் சலவை அறையில் எனக்கு அடுத்த மேசையில் இஸ்திரி போடுகிறவளுக்கு ‘ஆவி அக்கா’ என்று பேர் வைத்தது நான்தான். எந்நேரமும் நீராவிக்குள்தான் நிற்பாள். அவள் தங்கை காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தங்கை டியூஷன் சென்டரில் இங்கிலீஷ் டீச்சர். நின்று நின்றே அக்காவுக்குக் கால் வீங்கிக் கிடந்தது. “ஓட்டல்லயே போன் எடுக்கிற வேலைக்கு மாறிடு. உன்னை நாற்காலில உட்கார வைக்காம விடமாட்டேன்” என்று அவளே பாடங்களைப் பேசி, அக்காவின் செல்போனில் பதிந்து கொடுத்தாள். “கிவ் அப்னா கைவிடறது. சொல்லு.” அக்கா திருப்பிச் சொல்லக் கொஞ்சம் இடைவெளி. “ம், அடுத்தது! லுக் ஆஃப்டர்னா பார்த்துக்கறது. சொல்லு.”

கடைசியாகப் பதிந்தது ‘கெட் ஓவர்’. “ஒரு துக்கத்துலேர்ந்து தேறி எழுந்திருக்கறது. சொல்லு.” இடைவெளி. பிறகு ஒரு சிரிப்பு. “எப்படியும் தப்பாத்தான் சொல்லியிருப்பே. மறுபடி சொல்லு!” அதோடு நின்றுவிடும். மிச்சத்தைப் பதிய அவள் இல்லை.

அக்கா சரியாகத்தான் சொல்வாள். செல்போன் தப்பு என்று சிரிக்கும். மறுபடி ஓடவிட்டு மறுபடி சொல்வாள். போனவள் குரலும் இருப்பவள் குரலும் மாறி மாறிக் கேட்கும்போது, பட்டப்பகலிலேயே எனக்குக் குலை நடுங்கும்.

“அவ சரின்னு சொல்லட்டும், அப்புறம் இன்டர்வியூவுக்குப் போறேன்” என்றாள் ஒருநாள்.

எனக்கு வந்ததே கோபம்! “செத்தவ எப்படிக்கா சொல்லுவா? பைத்தியமா உனக்கு?” என்று கத்திவிட்டு, கையைப் பிடித்து மேனேஜர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் கேட்டதற்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொன்னாள். “கடைசியா என்னம்மா படிச்சீங்க?” என்றார். கெட் ஓவரையும் அதன் அர்த்தத்தையும் சொன்னாள். சொல்லிவிட்டு, யாரோ பேசப்போவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மறுபடி சொன்னாள். மறுபடி நின்றாள்.

“முதல்லயே சரியாத்தானேம்மா சொன்னீங்க?” என்றார் மேனேஜர்.

“சரியா சார்?” என்று கேட்டவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

வேலை கிடைத்தது. கால் வீக்கம்கூட வடிந்துவிட்டது. நேற்று சாப்பாட்டு வேளையில் போன் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து, செல்போனை வாயருகே வைத்துக்கொண்டு, “சரின்னு சொல்லிட்டாங்கடி. உட்கார்ந்துட்டேன்டி” என்றாள்.

“மறுபடி சொல்லு!” என்றது தங்கையின் குரல்.

மறுபடி சொன்னாள்.